வாயுவை எண்ணும் கணக்கு

நுழையும்முன்

அரிசியைப் படியால் அளக்கிறோம். எண்ணெயை லிட்டரால் அளக்கிறோம். மூடிய எஃகுச் சிலிண்டருக்குள் இருக்கும் ஆக்சிஜனை எதனால் அளப்பது? மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணியிலுள்ள செவிலியரின் முன் இவ்வினா நாள்தோறும் எழுகிறது. நோயாளிக்கு நிமிடத்திற்கு 10 லிட்டர் ஆக்சிஜன் செல்கிறது. சிலிண்டரின் தலையிலுள்ள அழுத்தமானியின் முள் 80 என்னும் எண்ணில் நிற்கிறது. விடியும்வரை இது போதுமா? போதாதெனில் எத்தனை மணிக்கு மாற்றுச் சிலிண்டரை அருகில் கொண்டுவந்து வைக்க வேண்டும்? உள்ளே எட்டிப் பார்க்க வழியில்லை. ஆயினும் விடை உண்டு. அவ்விடையைத் தரும் நல்லியல்பு வாயுச் சமன்பாட்டைப் பயன்படுத்தும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

சமன்பாடு உருவான வரலாறு

மாறா வெப்பநிலையில் வாயுவின் அழுத்தம் கூடினால் கனஅளவு குறையும் என்பதை இராபர்ட் பாயில் 1662இல் வெளியிட்டார். வெப்பநிலை உயர்ந்தால் வாயு விரியும் என்பதைச் சார்லஸ் ஆய்ந்தார். அதனை 1802இல் கே லூசாக் முறைப்படி வெளியிட்டார். ஒரே வெப்பநிலையிலும் ஒரே அழுத்தத்திலும் சம கனஅளவுள்ள வாயுக்கள் சம எண்ணிக்கையிலான மூலக்கூறுகளைக் கொண்டிருக்கும் என்னும் கருதுகோளை 1811இல் அவகாட்ரோ முன்வைத்தார். தனித்தனியே நின்ற விதிகளை 1834இல் பிரெஞ்சுப் பொறியாளர் கிளாப்பிரான் ஒரே சமன்பாட்டில் இணைத்தார். அவர் எழுதிய சமன்பாட்டில் செல்சியஸ் வெப்பநிலையுடன் 273 கூட்டப்படவில்லை; 267 கூட்டப்பட்டது. அன்றைய அளவீட்டின் துல்லியம் அவ்வளவே. பின்னர் நடந்த நுண்ணிய சோதனைகளே அவ்வெண்ணை இன்றைய மதிப்பிற்குக் கொண்டுவந்தன. பாடநூலில் அச்சாகியுள்ள ஒவ்வொரு மாறிலிக்குப் பின்னும் இத்தகைய திருத்தங்கள் உண்டு.

இன்று நாம் பயன்படுத்தும் வடிவம் இது:

அழுத்தம் × கனஅளவு = மோல்களின் எண்ணிக்கை × வாயு மாறிலி × வெப்பநிலை

'பிவி ஈக்குவல் என்ஆர்டி' என்று மாணவர்கள் ஒரே மூச்சில் ஒப்பிப்பது இதைத்தான். ஒப்பிப்பதில் எவரும் தவறுவதில்லை. ஒவ்வோர் எழுத்தின் இடத்திலும் எந்த எண்ணை இடுவது என்பதில்தான் தவறு நேர்கிறது. விடைத்தாள் திருத்தும் ஆசிரியர் எவரைக் கேட்டாலும் இதையே கூறுவார்.

அழுத்தம் வளிமண்டல அலகிலும், கனஅளவு லிட்டரிலும், வெப்பநிலை கெல்வினிலும் இருந்தால் வாயு மாறிலியின் மதிப்பு 0.0821. அழுத்தம் பாஸ்கலிலும் கனஅளவு கன மீட்டரிலும் இருந்தால் அதன் மதிப்பு 8.314. மாறிலி ஒன்றே, அதனைச் சொல்லும் அலகுகள் வேறு. எந்த மதிப்பை எடுக்கிறோமோ, அதற்குரிய அலகுகளுக்குப் பிற அளவுகளை எல்லாம் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

சிலிண்டருக்குள் எவ்வளவு ஆக்சிஜன்?

நம் நாட்டு மருத்துவமனைகளில் காணப்படும் பெரிய ஆக்சிஜன் சிலிண்டர் 'டி' வகை எனப்படும். அதனுள் நீரை நிரப்பினால் 46.7 லிட்டர் கொள்ளும். இதுவே அதன் நீர்க் கொள்ளளவு. முழுமையாக நிரப்பப்பட்ட நிலையில் அழுத்தம் ஏறத்தாழ 150 வளிமண்டலம். வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸ், அதாவது 300 கெல்வின் எனக் கொள்வோம்.

மோல்களின் எண்ணிக்கை = (150 × 46.7) ÷ (0.0821 × 300)
= 7005 ÷ 24.63
= 284.4 மோல்

ஆக்சிஜனின் மோலார் நிறை 32 கிராம். எனவே உள்ளிருக்கும் ஆக்சிஜனின் நிறை 284.4 × 32 = 9101 கிராம், அதாவது 9.1 கிலோகிராம். இருவர் சேர்ந்து உருட்டிச் செல்லும் அச்சிலிண்டரின் எடையில் பெரும்பகுதி எஃகின் எடையே.

செவிலியருக்கு மோல்களின் எண்ணிக்கையும் நிறையும் தேவையில்லை. எத்தனை நிமிடம் என்பதே தேவை. ஃப்ளோ மீட்டர் என்னும் பாய்வளவி, நோயாளிக்குச் செல்லும் வாயுவை வளிமண்டல அழுத்தத்தில் உள்ள லிட்டர்களாகக் காட்டுகிறது. மோல்களின் எண்ணிக்கையும் வெப்பநிலையும் மாறாதபோது அழுத்தமும் கனஅளவும் பெருகிவரும் தொகை மாறாது. ஆகவே 150 வளிமண்டலத்தில் 46.7 லிட்டராக அடங்கியிருக்கும் வாயு, 1 வளிமண்டலத்தில் 7005 லிட்டராக விரியும். இவ்வகைச் சிலிண்டரை '7 கன மீட்டர் சிலிண்டர்' என்று வணிகத்தில் அழைப்பதன் காரணம் இப்போது விளங்கும். நிமிடத்திற்கு 10 லிட்டர் வீதம் செலவானால் 700 நிமிடம், அதாவது 11 மணி 40 நிமிடம் வரும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சிலிண்டர் 'காலியாகிவிட்டது' என்று நாம் சொல்லும்போதும் அதனுள் ஆக்சிஜன் இருக்கிறது. உள்ளழுத்தம் வெளியழுத்தத்திற்குச் சமமானதும் வாயு வெளியேறுவது நின்றுவிடும், 46.7 லிட்டர் ஆக்சிஜன் உள்ளேயே தங்கிவிடும். அப்படியாயின் நமது கணக்கில் அதனைக் கழிக்க வேண்டாமா? அழுத்தமானி எதைக் காட்டுகிறது என்பதைப் பொறுத்தது அது. அழுத்தமானி காட்டுவது உள்ளழுத்தத்திற்கும் வெளியழுத்தத்திற்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே. முள் 150இல் நின்றால் உண்மையான அழுத்தம் 151. முள் சுழியில் நின்றால் உண்மையான அழுத்தம் 1. ஆகையால், வெளியே எடுக்கக்கூடிய ஆக்சிஜனை அறிய முள் காட்டும் எண்ணை அப்படியே பயன்படுத்தலாம். உள்ளிருக்கும் மொத்த மோல்களை அறிய வேண்டுமெனில் முள் காட்டும் எண்ணுடன் 1ஐக் கூட்ட வேண்டும். 150க்கும் 151க்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லைதான். ஆனால், முள் 2இல் நிற்கும் வாகனச் சக்கரக் கணக்கில் இந்த 1ஐ மறந்தால் விடை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

இனி, நாம் தொடங்கிய வினாவிற்குத் திரும்புவோம். முள் 80இல் நிற்கிறது. வெளியே எடுக்கக்கூடிய ஆக்சிஜன் 80 × 46.7 = 3736 லிட்டர். நிமிடத்திற்கு 10 லிட்டர் வீதம் 373 நிமிடம். ஆறு மணி நேரத்திற்குச் சற்று மேல். இரவு 11 மணிக்கு முள்ளைப் பார்த்தவர் விடியற்காலை 5 மணி வரை அச்சிலிண்டரை நம்பியிருக்கலாம் என்று கணக்குக் கூறும். ஆனால், நடைமுறையில் எவரும் கடைசி நிமிடம்வரை காத்திருப்பதில்லை. கணிசமான இருப்பு உள்ளபோதே மாற்றிவிடுவர். சில அழுத்தமானிகளில் எண்கள் பிஎஸ்ஐ அலகில் இருக்கும். 14.7 பிஎஸ்ஐ ஒரு வளிமண்டலம். எனவே 2200 பிஎஸ்ஐ என்று காட்டும் சிலிண்டரும் ஏறத்தாழ 150 வளிமண்டலத்தில் நிரப்பப்பட்டதே.

நல்லியல்பு வாயு என்பது நாம் கற்பித்துக்கொண்ட மாதிரி; ஆக்சிஜன் இயல்பு வாயு. 150 வளிமண்டல அழுத்தத்தில் மூலக்கூறுகள் நெருங்கிவந்து ஒன்றையொன்று ஈர்ப்பதால், அறை வெப்பநிலையில் ஆக்சிஜனின் அமுக்கத்திறன் காரணி 1ஐவிடச் சிறிது குறைகிறது, ஏறத்தாழ 0.95. அதன் பொருள், நமது கணக்கு காட்டுவதைவிட ஐந்து விழுக்காட்டையொட்டி ஆக்சிஜன் கூடுதலாகவே உள்ளது என்பதாகும். பிழை நோயாளிக்குச் சாதகமான பக்கத்தில் அமைந்திருப்பது நல்வாய்ப்பு. எல்லா வாயுக்களிலும் எல்லா அழுத்தங்களிலும் இவ்வாறு அமையும் என்று எண்ணிவிடலாகாது.

திரவ ஆக்சிஜனையும் இக்கணக்கினால் அளக்கலாம். ஒரு லிட்டர் திரவ ஆக்சிஜனின் நிறை 1141 கிராம், அதாவது 35.7 மோல். இது 27 டிகிரி செல்சியஸில் 1 வளிமண்டல அழுத்தத்தில் 35.7 × 24.63 = 879 லிட்டர் வாயுவாகும். சிலிண்டரின் ஒரு லிட்டர் இடத்தில் 150 லிட்டர் வாயு. திரவத்தின் ஒரு லிட்டரில் அதைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு. 2021ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்றின் இரண்டாம் அலையின்போது, −183 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவ ஆக்சிஜன், தொட்டி வண்டிகளில் நிரப்பப்பட்டுச் சிறப்புத் தொடர்வண்டிகளில் மாநிலம்விட்டு மாநிலம் கொண்டுசெல்லப்பட்டது. அதன் பின்னிருந்த கணக்கு இதுவே.

வெயிலில் நின்ற சிலிண்டர்

27 டிகிரி செல்சியஸில் 151 வளிமண்டல அழுத்தமுள்ள சிலிண்டர் வெயிலில் நின்று 57 டிகிரி செல்சியஸை அடைகிறது எனக் கொள்வோம். புதிய அழுத்தம் என்ன? கனஅளவும் மோல்களும் மாறவில்லை. எனவே அழுத்தம் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

57ஐ 27ஆல் வகுத்து 151ஆல் பெருக்கிய மாணவர்க்கு 319 வளிமண்டலம் என்னும் விடை வரும். அது மெய்யானால் கோடைக்காலத்தில் எந்தச் சிலிண்டரையும் தெருவில் கொண்டுசெல்ல இயலாது. செல்சியஸ் அளவுகோலின் சுழி, நீர் உறையும் வெப்பநிலையைக் குறிக்க நாம் வைத்துக்கொண்ட அடையாளம் மட்டுமே. அங்கே மூலக்கூறுகளின் இயக்கம் நின்றுவிடுவதில்லை. ஆகவே செல்சியஸில் 54 என்பது 27இன் இரு மடங்கு வெப்பநிலை ஆகாது. கெல்வினுக்கு மாற்றுவோம்:

புதிய அழுத்தம் = 151 × (330 ÷ 300) = 166 வளிமண்டலம்

பத்து விழுக்காடு உயர்வு. இதனைத் தாங்கும்படியே சிலிண்டர்கள் செய்யப்படுகின்றன; ஆயினும் வெயிலில் வைக்கக் கூடாது என்னும் எச்சரிக்கைக்கும் இதிலேயே காரணம் இருக்கிறது. மறுபுறம், 20 டிகிரி குளிர்ந்த விடியற்காலையில் அதே சிலிண்டரின் உண்மையான அழுத்தம் 147.5 வளிமண்டலமாகக் குறைந்திருக்கும். முள் இறங்கியிருப்பதைக் கண்டு வாயு கசிந்துவிட்டதென்று அஞ்ச வேண்டியதில்லை. மோல்கள் அப்படியே உள்ளன.

சமையல் எரிவாயுச் சிலிண்டர்: விதி ஏன் பொய்க்கிறது?

வீட்டுச் சமையல் எரிவாயுச் சிலிண்டரில் 14.2 கிலோகிராம் எரிவாயு உள்ளது. அதன் நீர்க் கொள்ளளவு 33.3 லிட்டர். எரிவாயு, புரப்பேனும் பியூட்டேனும் கலந்தது. கலவையின் சராசரி மோலார் நிறையை 54 கிராம் எனக் கொண்டால் 263 மோல் வரும். 300 கெல்வினில் அழுத்தம்:

(263 × 0.0821 × 300) ÷ 33.3 = 194.5 வளிமண்டலம்

கணக்கில் எங்கும் பிழை இல்லை, அலகுகளும் சரி. ஆனால் விடை முற்றிலும் தவறு. அச்சிலிண்டருக்குள் அறை வெப்பநிலையில் உள்ள அழுத்தம் 10 வளிமண்டலத்திற்கும் குறைவே. எங்கே தவறினோம்? உள்ளிருப்பதெல்லாம் வாயு என்று கொண்ட இடத்தில் தவறினோம். சிலிண்டரைக் குலுக்கினால் கேட்கும் ஓசையே உள்ளே திரவம் இருப்பதைச் சொல்லிவிடும். எரிவாயுவின் பெரும்பகுதி திரவ நிலையில் இருக்கிறது. திரவத்திற்கு மேலுள்ள சிறிய இடத்தில் மட்டுமே வாயு இருக்கிறது. அவ்விடம் 7 லிட்டர், அழுத்தம் 6 வளிமண்டலம் எனக் கொண்டு சமன்பாட்டை அந்த வாயுவிற்கு மட்டும் பயன்படுத்தினால்,

(6 × 7) ÷ 24.63 = 1.7 மோல்

என்று வரும். அதாவது 92 கிராம். 14.2 கிலோகிராமில் நூறு கிராமளவு கூட வாயுவாக இல்லை!

அடுப்பு எரிய எரிய வாயு குறையும். குறைந்த அளவிற்குத் திரவம் ஆவியாகி அவ்விடத்தை நிரப்பும். அதனால் திரவம் தீரும்வரை அழுத்தம் ஏறக்குறைய மாறாதிருக்கும். ஆக்சிஜன் சிலிண்டரில் முள் பாதியாக இறங்கினால் வாயு பாதி தீர்ந்தது என்று பொருள். சமையல் எரிவாயுச் சிலிண்டரில் அழுத்தமானியைப் பொருத்தினாலும் அது இறுதி நாள்வரை ஒரே எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். அங்கே இருப்பை அறிய எடை போடுவதே வழி. வீடுகளில் சிலிண்டரை லேசாகத் தூக்கிப் பார்க்கும் வழக்கம் அறிவியலுக்கு உகந்ததே.

நீரின்மேல் சேகரித்த ஹைட்ரஜன்

ஆய்வகத்தில் 0.0486 கிராம் மெக்னீசியம் நாடாவை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் வினைபுரியச் செய்து, வெளிவரும் ஹைட்ரஜனை நீரின்மேல் சேகரிக்கிறோம். ஒரு மோல் மெக்னீசியம் ஒரு மோல் ஹைட்ரஜனைத் தரும். குழாயின் உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் சமமாக இருக்குமாறு குழாயைச் சரிசெய்து அளந்தால் கனஅளவு 51 மில்லிலிட்டர். வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸ். வெளியழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். இவற்றிலிருந்து மெக்னீசியத்தின் அணு நிறையைக் காண்க.

நேரடியாகக் கணக்கிட்டால் 0.051 ÷ 24.63 = 0.00207 மோல். 0.0486ஐ இதனால் வகுக்க 23.5 கிடைக்கும். மெக்னீசியத்தின் அணு நிறை 24.3 என்பதை அறிவோம். கைதவறியதென்றும் அளவுக்குழாய் சரியில்லை என்றும் மாணவர்கள் காரணம் தேடத் தொடங்குவர். சிலர் 51ஐ 49 என்று குறிப்பேட்டில் திருத்தி எழுதிவிடுவதும் உண்டு. திருத்த வேண்டியது அந்த எண்ணை அன்று.

குழாயில் இருப்பது ஹைட்ரஜன் மட்டுமன்று. நீரின்மேல் நின்ற வாயுவில் நீராவியும் கலந்துள்ளது. 27 டிகிரி செல்சியஸில் நீரின் ஆவியழுத்தம் 26.7 மில்லிமீட்டர் பாதரசம். டால்டனின் பகுதி அழுத்த விதிப்படி ஹைட்ரஜனின் பங்கு 760 − 26.7 = 733.3 மில்லிமீட்டர், அதாவது 0.965 வளிமண்டலம்.

மோல்களின் எண்ணிக்கை = (0.965 × 0.051) ÷ 24.63 = 0.001998
அணு நிறை = 0.0486 ÷ 0.001998 = 24.3

அளவீடு முதலிலிருந்தே சரியாக இருந்தது.

அடர்த்தியிலிருந்து ஒரு புதிய தனிமம்

மோல்களின் எண்ணிக்கை என்பது நிறையை மோலார் நிறையால் வகுத்துக் கிடைப்பது. இதனைச் சமன்பாட்டில் இட்டு மாற்றியமைத்தால்,

மோலார் நிறை = (அடர்த்தி × வாயு மாறிலி × வெப்பநிலை) ÷ அழுத்தம்

என வரும். பெயர் தெரியாத வாயுவின் அடர்த்தியை அளந்தே அதன் மோலார் நிறையைக் கூறிவிடலாம்.

ஆங்கிலேய இயற்பியலறிஞர் ராலே பிரபு நைட்ரஜனின் அடர்த்தியை மிக நுண்மையாக அளந்துகொண்டிருந்தார். காற்றிலிருந்து ஆக்சிஜன், கார்பன் டைஆக்சைடு, ஈரப்பதம் ஆகியவற்றை நீக்கிப் பெற்ற நைட்ரஜனின் அடர்த்தி திட்ட நிலையில் லிட்டருக்கு ஏறத்தாழ 1.257 கிராம். அம்மோனியா முதலிய சேர்மங்களிலிருந்து பெற்ற நைட்ரஜனின் அடர்த்தியோ 1.251 கிராம். வேறுபாடு அரை விழுக்காடு. பலர் இதைச் சோதனைப் பிழை என்று ஒதுக்கியிருப்பர். ராலே ஒதுக்கவில்லை, 1892இல் இப்புதிரை வெளியிட்டு, பிறரின் கருத்தையும் வேண்டினார்.

திட்ட நிலையில் 0.0821 × 273 = 22.41. இரு அடர்த்திகளையும் இதனால் பெருக்கினால் மோலார் நிறைகள் 28.17, 28.03 என வரும். பின்னது நைட்ரஜனுக்கு உரியது. முன்னதில் கனமான வேறொரு வாயு கலந்திருக்க வேண்டும். வில்லியம் ராம்சேயுடன் இணைந்து ராலே அதனைப் பிரித்தெடுத்து 1894இல் அறிவித்தார். அதுவே ஆர்கான். அதன் மோலார் நிறை 39.95. கலவையில் ஆர்கானின் பங்கை நாமே கண்டறியலாம்:

(28.17 − 28.03) ÷ (39.95 − 28.03) = 0.0117

அதாவது 1.2 விழுக்காட்டையொட்டி. காற்றிலுள்ள நைட்ரஜனையும் ஆர்கானையும் மட்டும் சேர்த்துப் பார்த்தால் ஆர்கானின் இன்றைய மதிப்பும் இதுவே. 1904ஆம் ஆண்டின் இயற்பியலுக்கான நோபல் பரிசு ராலேவுக்கும், வேதியியலுக்கான பரிசு ராம்சேவுக்கும் வழங்கப்பட்டன.

பயிற்சி வினாக்கள்

1. 12 லிட்டர் நீர்க் கொள்ளளவுள்ள சிறிய சமையல் எரிவாயுச் சிலிண்டரில் 5 கிலோகிராம் எரிவாயு உள்ளது. 300 கெல்வினில் நல்லியல்பு வாயுச் சமன்பாடு தரும் அழுத்தத்தைக் கணக்கிடுக. அவ்விடை ஏன் ஏற்கத்தக்கதன்று?

2. ஒரு வாயுவின் அடர்த்தி 300 கெல்வினிலும் 1 வளிமண்டலத்திலும் லிட்டருக்கு 1.79 கிராம். அதன் மோலார் நிறை யாது? அவ்வாயு கார்பன் டைஆக்சைடா, புரப்பேனா என்பதை இக்கணக்கு ஒன்றைக் கொண்டே கூற இயலுமா?

3. அவசர ஊர்தியிலுள்ள 'பி' வகை ஆக்சிஜன் சிலிண்டரின் நீர்க் கொள்ளளவு 10 லிட்டர். புறப்படும்போது முள் 100 வளிமண்டலத்தில் நிற்கிறது. நோயாளிக்கு நிமிடத்திற்கு 8 லிட்டர் தேவை. மாவட்டத் தலைமை மருத்துவமனையை அடைய 100 நிமிடம் ஆகும். ஆக்சிஜன் போதுமா? பயணத்தின் 40ஆம் நிமிடத்தில் நோயாளியின் நிலை மோசமடைந்து, தேவை நிமிடத்திற்கு 12 லிட்டராக உயர்ந்தால் எத்தனையாவது நிமிடத்தில் சிலிண்டர் தீரும்? ஊர்தியில் மற்றொரு சிலிண்டரையும் ஏற்றியிருக்க வேண்டுமா என்பதைக் கணக்கின் வழி விளக்குக.